கருமுட்டைத் தரமும் சோதனைக் குழாய் கருத்தரிப்பும்

கருமுட்டைத் தரம் என்பது, ஒரு கருமுட்டை விந்தணுவுடன் சேர்ந்து, குறையற்ற கருவாக வளர்ந்து, குழந்தையாகப் பிறப்பதற்கு அதனிடம் உள்ள திறனைக் குறிக்கும் சொல்லாகும். ஐ.வி.எஃப். எனப்படும் சோதனைக் குழாய் கருத்தரிப்பின் வெற்றியை முடிவுசெய்யும் காரணங்களில் இதுவே முதன்மையானது. கருப்பையின் நிலை, விந்தணுவின் தரம், மருந்து, ஆய்வகத்தின் தேர்ச்சி ஆகிய எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. என்றாலும் முட்டையில் உள்ள குறையை இவற்றில் எதனாலும் ஈடுசெய்ய முடிவதில்லை. பஞ்சாலைகள் நிறைந்த இராஜபாளையத்தில் இதை விளக்குவது எளிது. பஞ்சு சரியில்லை என்றால் புதிய இயந்திரத்தில் போட்டாலும் நூல் அறுந்துகொண்டுதான் இருக்கும்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பெரும்பாலும் இரண்டில் ஒரு சொல்லைச் சுமந்து வருகிறார்கள். ஒன்று, "முட்டை குறைவாக இருக்கிறது". மற்றொன்று, "முட்டை தரமாக இல்லை". வீட்டில் இரண்டும் ஒன்றாகவே புரிந்துகொள்ளப்படுகின்றன. உண்மையில் இவை இரண்டு வெவ்வேறு செய்திகள். இந்த வேறுபாடு புரியாததால் சிலர் தேவையின்றி அஞ்சுகிறார்கள்; சிலர் அஞ்ச வேண்டிய நேரத்தில் ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள்.

பிறப்புக்கு முன்பே தொடங்கும் கணக்கு

ஆணின் உடலில் விந்தணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிது புதிதாக உருவாகின்றன. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். பெண்ணுக்கு அப்படியில்லை. தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே ஒரு பெண்குழந்தையின் சூலகங்களில் அறுபது, எழுபது இலட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. அதன் பிறகு குறைவதுதான் உண்டு. பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சம். பூப்படையும் வயதில் மூன்று, நான்கு இலட்சம். இவற்றில் வாழ்நாளில் வெளிவருபவை நானூறு, ஐந்நூறு மட்டுமே. மற்றவை ஒவ்வொரு நாளும் சத்தமில்லாமல் அழிகின்றன. கருத்தரித்திருந்தாலும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் இந்த அழிவு நிற்பதில்லை.

எனவே 38 வயதுப் பெண்ணிடமிருந்து எடுக்கப்படும் முட்டைக்கும் 38 வயதுக்கு மேல் ஆகிறது. பாடநூல்களில் முட்டையையும் விந்தணுவையும் அருகருகே வரையும்போது இந்த உண்மை விடுபட்டுப்போகிறது. ஒன்று புதிதாக வந்தது. மற்றொன்று அந்தப் பெண்ணைவிடவும் மூத்தது.

முதிர்ந்த கருமுட்டையின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். மனித உடலின் மிகப் பெரிய உயிரணு இதுதான். இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கருவுற்ற பின் முதல் இரண்டு, மூன்று நாள்களுக்குக் கரு தன் சொந்த மரபணுக்களைப் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. முட்டை சேர்த்து வைத்திருக்கும் புரதங்களையும் சத்துகளையும் கொண்டே அது பிளவுபடுகிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் முட்டையிலிருந்தே வருகின்றன. நான்கு முதல் எட்டு உயிரணுக்கள் கொண்ட நிலையில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் செயல்படத் தொடங்குகின்றன.

வயதுக்கும் தரத்துக்கும் உள்ள தொடர்பு

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. கருமுட்டை அவற்றில் பாதியை, அதாவது 23-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெளியேற்ற வேண்டும். இந்தப் பிரிவினை தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. அந்த முட்டை வெளிவரும் மாதம் வரும்போதுதான் மீண்டும் தொடர்கிறது. இடைப்பட்ட காலம் 15 ஆண்டாகவும் இருக்கலாம். 45 ஆண்டாகவும் இருக்கலாம்.

அத்தனை ஆண்டுகளும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பவை கோஹீசின் எனும் புரத வளையங்கள். முட்டை இவற்றைப் புதுப்பித்துக்கொள்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பல ஆண்டுகளாகக் கட்டிவைத்த சாவிக்கொத்தின் ரப்பர் வளையம் இற்றுப்போவது போல இவையும் தளர்கின்றன. பிரிவினை தொடரும் நேரத்தில் ஒரு குரோமோசோம் தவறான பக்கம் போய்விட்டால் முட்டையில் 22 அல்லது 24 குரோமோசோம்கள் அமைகின்றன. அப்படிப்பட்ட முட்டையிலிருந்து உருவாகும் கரு பெரும்பாலும் கருப்பையில் ஒட்டுவதில்லை. ஒட்டினாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் கலைந்துவிடுகிறது. 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக உள்ள சில கருக்கள் மட்டும் டவுன் நோய்க்குறி கொண்ட குழந்தைகளாகப் பிறக்கின்றன.

ஐ.வி.எஃப். கருக்களைச் சோதித்துப் பார்த்ததில், இருபதுகளின் பிற்பகுதியில் குரோமோசோம் பிழை மிகக் குறைவாக இருந்தது. 35 வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கருக்களிலும், 40 வயதில் பாதிக்கு மேற்பட்டவற்றிலும், 44 வயதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாகவும் பிழை காணப்பட்டது. தங்கள் சொந்த முட்டையைக் கொண்டு சிகிச்சை பெறுவோரைப் பற்றிய அமெரிக்கத் தேசியப் பதிவுகளும் இதே போக்கைக் காட்டுகின்றன. 35 வயதுக்குட்பட்டோரில் ஒருமுறை முட்டை எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் குழந்தை பெறுகின்றனர். 42-ஐக் கடந்தோரில் இது நூற்றுக்கு நான்கு, ஐந்து பேர் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இந்தக் காரணத்தால்தான், 35 வயதுக்குட்பட்டவர்கள் ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் மருத்துவரை அணுக வேண்டும் என்றும், 35-ஐக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே அணுக வேண்டும் என்றும், 40-ஐக் கடந்தவர்கள் காத்திருக்கவே வேண்டாம் என்றும் மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. "இன்னும் ஒரு ஆடி போகட்டும், தை பிறக்கட்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் அன்பு இருக்கிறது. 27 வயதில் அந்த ஓராண்டால் பெரிய இழப்பு ஏதுமில்லை. 39 வயதில் அதே ஓராண்டின் விலை மிகப் பெரிது.

எண்ணிக்கை வேறு, தரம் வேறு

ஏ.எம்.எச். எனும் இரத்தப் பரிசோதனை, சூலகத்தில் எஞ்சியிருக்கும் முட்டைகளின் அளவைத் தோராயமாகக் காட்டுகிறது. மாதவிடாயின் தொடக்க நாள்களில் எடுக்கப்படும் ஸ்கேனில் சிறு நுண்பைகளை எண்ணுவதும் இதற்காகத்தான். இரண்டும் எண்ணிக்கையைச் சொல்பவை. தரத்தை நேரடியாக அளக்கும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதுவரை இல்லை. இருப்பவற்றில் நம்பகமான அளவுகோல் பெண்ணின் வயதுதான்.

இரண்டு பெண்களை வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த ஒருவருக்கு வயது 28, ஏ.எம்.எச். குறைவு, ஊசி போட்டும் நான்கு முட்டைகளே கிடைத்தன. இராஜபாளையத்தைச் சேர்ந்த மற்றொருவருக்கு வயது 42, ஏ.எம்.எச். நன்றாக இருக்கிறது, பன்னிரண்டு முட்டைகள் கிடைத்தன. உறவினர்கள் இரண்டாமவரையே அதிர்ஷ்டசாலி என்பார்கள். ஆனால் முதலாமவரின் நான்கில் பெரும்பான்மை குரோமோசோம் பிழையற்றவையாக இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டாமவரின் பன்னிரண்டிலிருந்து உருவாகும் கருக்களில் நான்கில் ஒன்றே அப்படி அமையக்கூடும். எண்ணிக்கை குறைவதால் முதலாமவருக்கு மீண்டும் ஒருமுறை சிகிச்சை தேவைப்படலாம். முட்டைகள் மோசமானவை என்று அதற்குப் பொருளில்லை.

2017-இல் அமெரிக்காவில் 30 முதல் 44 வயது வரையுள்ள, குழந்தையின்மைச் சிக்கல் அறியப்படாத 750 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது. ஏ.எம்.எச். குறைவாக இருந்தவர்கள் மற்றவர்களைவிட இயற்கையாகக் கருத்தரிப்பதில் பின்தங்கவில்லை. ஆகவே குறைந்த ஏ.எம்.எச். என்ற ஒரே தாளைக் காட்டி, இளம் பெண் ஒருவருக்கு இனிக் குழந்தையே பிறக்காது என்று யாராவது சொன்னால், அது அறிவியல் அன்று.

பி.சி.ஓ.டி. உள்ளவர்களின் நிலை இதற்கு மறுபுறம். இவர்களுக்கு நுண்பைகள் மிகுதி, ஏ.எம்.எச். கூடுதல். ஆனால் முட்டை மாதந்தோறும் முதிர்ந்து வெளிவருவதில்லை. ஐ.வி.எஃப். செய்யும்போது அளவுக்கு மீறி முட்டைகள் வளர்ந்து, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத்திணறல் வரை போகும் ஆபத்தும் இவர்களுக்குத்தான் அதிகம். நல்ல மருத்துவர் இவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைத்தே தொடங்குவார்.

ஒரு முட்டையா, பல முட்டைகளா

உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தையான லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தாய்க்கு முட்டைகளைத் தூண்டும் மருந்து எதுவும் தரப்படவில்லை. அந்த மாதம் இயற்கையாக வளர்ந்த ஒரேயொரு முட்டையை எடுத்தே மருத்துவர்கள் வெற்றி கண்டனர். இந்த ஆய்வுக்காக ராபர்ட் எட்வர்ட்ஸ் 2010-இல் நோபல் பரிசு பெற்றார்.

1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் துர்கா எனப் பெயரிடப்பட்ட குழந்தை பிறந்தது. மருத்துவர் சுபாஷ் முகர்ஜி வேறு வழியைத் தேர்ந்திருந்தார். ஊசி மருந்தால் சூலகத்தைத் தூண்டி ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை வளர்த்தார். பெண்ணுறுப்பு வழியாக அவற்றை எடுத்தார். கருவை 53 நாள்கள் உறையவைத்து, பிறகு கருப்பையில் வைத்தார். இன்று உலகெங்கும் ஐ.வி.எஃப். நடக்கும் முறை ஏறத்தாழ இதுவே. ஆனால் மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்ப மறுத்தது. அவர் 1981 ஜூன் 19 அன்று தற்கொலை செய்துகொண்டார். 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று ஏற்கப்பட்டிருந்தது. அந்தச் சாதனையில் பங்குபெற்ற அறிவியலாளர் டி. சி. ஆனந்த்குமாரே பின்னாளில் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்து, முதலிடம் அவருக்குரியது என்று 1997-இல் எழுதினார். தன் பெருமையைத் தானே பிறருக்கு விட்டுக்கொடுத்த இந்தச் செயல் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியது. தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை, மருத்துவர் கமலா செல்வராஜின் முயற்சியால் 1990-இல் சென்னையில் பிறந்தது.

பல முட்டைகளை வளர்ப்பது ஏன் என்பதற்கு விடை, வழியில் ஏற்படும் உதிர்வில் உள்ளது. பத்து முட்டைகள் எடுக்கப்பட்டதாகக் கொண்டால், முழுமையாக முதிர்ந்தவை எட்டு இருக்கும். அவற்றில் ஆறு கருவுறும். ஐந்தாம் நாள் வரை வளர்ந்து பிளாஸ்டோசிஸ்ட் எனும் நிலையை அடைபவை மூன்று. அந்த மூன்றிலும் குரோமோசோம் சரியாக இருப்பவை எத்தனை என்பதை வயது முடிவுசெய்கிறது. இது சராசரிக் கணக்கு. ஒருவருக்கு இதைவிடக் கூடுதலாகவும், ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம். முதல் நாள் "பத்து முட்டை" என்று கேட்டு மகிழ்ந்த குடும்பம், ஐந்தாம் நாள் "ஒரே கரு" என்று கேட்டு மருத்துவமனையைச் சந்தேகிப்பது வழக்கம். முன்பே இந்தக் கணக்கைச் சொல்லிவைத்தால் பாதி மனவேதனை குறையும்.

ஊசி போட்டு முட்டைகளை எடுத்தால் இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற அச்சமும் பரவலாக உண்டு. அது தவறு. ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் நுண்பைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முந்த, மற்றவை அழியும். அழியவிருந்தவற்றைத்தான் மருந்து காப்பாற்றி வளர்க்கிறது. அடுத்த மாதத்துக்கு உரியவற்றை அது தொடுவதில்லை.

மதுரைப் பயணமும் 36 மணி நேரமும்

தூண்டும் ஊசிகள் பெரும்பாலும் 9 முதல் 12 நாள்கள் வரை போடப்படும். பல ஊசி மருந்துகளைக் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். நுண்பைகள் போதிய அளவு வளர்ந்ததும், முட்டையை முதிரச் செய்யும் கடைசி ஊசி போடப்படும். அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டைகளை எடுத்தாக வேண்டும். ஊசியை முன்பின்னாகப் போட்டால் முட்டைகள் முதிராமல் இருக்கும், அல்லது தாமாகவே வெளியேறிவிடும். முதிராத முட்டையை இக்சி முறைக்குப் பயன்படுத்துவதில்லை. தரமான முட்டைகூட நேரத்தவறால் வீணாகும் இடம் இது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். இராஜபாளையத்திலிருந்து இன்னும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். மதுரையில் உள்ள மையம் ஒன்றில் புதன்கிழமை காலை 9 மணிக்கு முட்டை எடுக்க நாள் குறித்தால், கடைசி ஊசியைத் திங்கள் இரவு 9 மணிக்கு ஊரிலேயே போட்டுக்கொள்ள நேரும். அந்த நேரத்தில் ஊசி போடத் தெரிந்த செவிலியர் யார், மின்தடை வந்தால் மருந்தை எதில் வைப்பது, புதன் விடியற்காலை எந்த வண்டியில் கிளம்புவது என்பவையெல்லாம் சிறிய கேள்விகளாகத் தோன்றும். ஆனால் முட்டையின் எண்ணிக்கையையும் முதிர்ச்சியையும் இவையும் பாதிக்கின்றன. இடையில் வரும் ஸ்கேன்களை உள்ளூரிலேயே எடுத்து அனுப்பலாமா என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தரத்தை உயர்த்த முடியுமா

வயதால் வந்த குரோமோசோம் பிழையைத் திருத்தும் மருந்து எதுவும் இன்று இல்லை. அதற்கு மேல் கெடாமல் காப்பதற்குச் சில வழிகள் உண்டு.

புகை முதல் எதிரி. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது ஒன்று முதல் நான்கு ஆண்டுகள் வரை முன்னதாகவே வந்துவிடுகிறது. நம் ஊர்களில் பெண்கள் புகைபிடிப்பது அரிது. ஆனால் கணவரோ மாமனாரோ வீட்டுக்குள் பீடி, சிகரெட் பிடிக்கும்போது அந்தப் புகையைச் சுவாசிப்பது அந்தப் பெண்ணும்தான். மிகையான உடல் எடை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைச் சரிசெய்வதும் பலன் தரும். எண்டோமெட்ரியோசிஸ், அதனால் வரும் சாக்லேட் கட்டி, சூலக அறுவைச் சிகிச்சை, புற்றுநோய் மருந்துகள் ஆகியவை முட்டைகளின் இருப்பைக் குறைக்கும். சூலகக் கட்டிக்கு அறுவை செய்யும் முன், குழந்தை வேண்டும் என்பதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

பஞ்சாலை ஊர்களுக்குத் தொடர்புடைய ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு வந்த பெண்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, பகல் நேரம் அல்லாத ஷிப்டுகளில் வேலை செய்தவர்களுக்கும், பாரம் தூக்கும் வேலையில் இருந்தவர்களுக்கும் கிடைத்த முதிர்ந்த முட்டைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, வேலைதான் காரணம் என்று நிறுவிவிடவில்லை. ஆயினும் இரவு ஷிப்டில் வேலை செய்யும் பெண் ஒருவர் சிகிச்சைக்கு முந்தைய சில மாதங்களுக்குப் பகல் ஷிப்ட் கேட்பது நியாயமான கோரிக்கையே. சில மாதங்கள் என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு நுண்பை வளர்ச்சியின் இறுதிக் கட்டங்களைக் கடந்து முட்டையை வெளியிட ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. இன்று செய்யும் மாற்றம் அடுத்த வார முட்டையில் தெரியாது.

கோஎன்சைம் க்யூ10, டி.எச்.இ.ஏ. போன்ற மாத்திரைகள் பரவலாக எழுதித் தரப்படுகின்றன. சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தாலும், குழந்தை பிறப்பு கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. சூலகத்துக்குள் பி.ஆர்.பி. ஊசி செலுத்தி "முட்டையை இளமையாக்கும்" சிகிச்சைக்கும் இதே நிலைதான். விளம்பரம் முன்னால் போகிறது, சான்று பின்னால் நிற்கிறது. லேகியங்களைப் பொறுத்தவரை பெரிய செலவு பணம் அன்று, அவற்றைச் சாப்பிட்டுக் காத்திருக்கும் மாதங்கள்தான்.

குறை கணவரிடமும் இருக்கலாம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதியில் ஆணின் காரணமும் சேர்ந்திருக்கிறது. நல்ல முட்டை, விந்தணுவின் மரபணுவில் உள்ள சிறு சேதங்களைத் தானே சரிசெய்துகொள்ளும். வயதான முட்டைக்கு அந்தத் திறன் குறைகிறது. எனவே "முட்டை தரமில்லை" என்று பெண்மீது மட்டும் தீர்ப்பெழுதும் முன், சில நூறு ரூபாயில் முடியும் விந்துப் பரிசோதனையைச் செய்திருக்க வேண்டும்.

உறையவைத்தலும் தானமும்

இளம் வயது முட்டைகளை உறையவைத்தால் அவற்றின் வயது அங்கேயே நின்றுவிடும். உறைந்த முட்டையிலிருந்து முதல் குழந்தைகள் 1986-இல் பிறந்தன. எனினும் விட்ரிஃபிகேஷன் எனும் அதிவேக உறைமுறை வந்த பிறகே இது நம்பகமானது. புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கவிருக்கும் இளம் பெண்ணுக்கு இது பெரும் உதவி. ஆனால் அந்தப் பேச்சு சிகிச்சைக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும்.

தரம் முட்டையைச் சார்ந்தது, கருப்பையைச் சார்ந்ததன்று என்பதற்குத் தானமுட்டையே தெளிவான சான்று. 2019 செப்டம்பரில் ஆந்திரத்தின் குண்டூரில் எழுபது வயதைக் கடந்த பெண் ஒருவர் தானமுட்டை மூலம் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். அது பாதுகாப்பான செயலா என்பது வேறு கேள்வி. இன்று அது சட்டப்படி இயலாது. இனப்பெருக்கத் தொழில்நுட்பங்களை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என வயது வரம்பு விதித்துள்ளது. முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது, விற்பனை குற்றம்.

சட்டம் வந்த சில மாதங்களிலேயே, 2022 ஜூனில், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருவரின் கருமுட்டைகள் போலி ஆதார் அட்டையைக் காட்டிப் பலமுறை எடுத்து விற்கப்பட்டது வெளிவந்தது. சிறுமியின் தாய் உள்ளிட்டோர் கைதாயினர். தானமுட்டையை ஏற்கும் தம்பதியர், அது எங்கிருந்து வருகிறது, கொடையாளருக்குச் சட்டம் சொல்லும் காப்பீடு எடுக்கப்பட்டதா என்று மையத்திடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

தோல்விக்குப் பின்

ஒரு சுற்று தோற்றதும் பலர் மையத்தை மாற்றுகிறார்கள். மாற்றுவதில் தவறில்லை. ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. எத்தனை முட்டைகள் எடுக்கப்பட்டன, எத்தனை முதிர்ந்தவை, எத்தனை கருவுற்றன, ஐந்தாம் நாளில் எத்தனை மிஞ்சின, எந்த மருந்து எத்தனை அலகு தரப்பட்டது என்ற விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்கேனும் ஏ.எம்.எச்.சும் சொல்லாத செய்தி இந்தத் தாளில்தான் இருக்கிறது. முட்டைகள் முதிராமல் இருந்தால் ஊசியின் நேரத்தையும் வகையையும் மாற்றிப் பார்க்கலாம். முதிர்ந்தும் கருவுறாமல் போனால் விந்தணுவை மீண்டும் ஆராய்ந்து, இக்சி முறைக்கு மாறலாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு வளர்ச்சி நின்றிருந்தால் முட்டையோடு சேர்த்து விந்தணுவின் மரபணுச் சேதத்தையும் பார்க்க வேண்டும். நல்ல கருக்கள் உருவாகியும் ஒட்டவில்லை என்றால், கருக்களின் குரோமோசோமையும் கருப்பையின் உட்சுவரையும் பற்றி அடுத்த மருத்துவரிடம் கேட்க வேண்டும்.